நான்கு வரி மடக்கின் போலி எளிமை

சி மொழியில் ஒரு சரத்துக்குள் குறிப்பிட்ட குறியுரு இருக்கிறதா, இருந்தால் எங்கே இருக்கிறது என்று கண்டறிவது எவரும் நான்கு வரிகளில் எழுதிவிடக்கூடிய அற்ப வேலை என்றும், அதற்காக மொழியின் செந்தர நூலகத்தில் உள்ள செயற்கூற்றை நாடுவது குறுக்குவழி என்றும் ஒரு கருத்து பாடநூல்களிலும் ஆய்வகங்களிலும் வேலைக்கான நேர்காணல்களிலும் ஊறிக்கிடக்கிறது. "நூலகச் செயற்கூறு எதையும் பயன்படுத்தாமல் எழுதுக" என்பது இந்தியப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் பழகிப்போன வாசகம். பயிற்சிக்காக இடப்பட்ட அந்தக் கட்டளை பயிற்சி முடிந்த பிறகும் விலகாமல், தானே எழுதிய மடக்குதான் உண்மையான நிரலாக்கம் என்னும் நம்பிக்கையாக இறுகி, பல்லாண்டு புழங்கப்போகும் மென்பொருள்களுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. அந்த நம்பிக்கை சிக்கலை இனங்காணும் முதல் அடியிலேயே பிழைபட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாதத்துக்கு வேண்டிய சொற்கள் சில. சி மொழியில் சரம் என்பது நினைவகத்தில் அடுத்தடுத்து அமர்ந்த பைட்டுகளின் வரிசை. மதிப்பு சுழியமாக உள்ள பைட் ஒன்று, அதாவது வெற்றுக் குறியுரு, அதன் முடிவைக் காட்டும். சரத்தின் நீளம் தனியாக எங்கும் எழுதிவைக்கப்படுவதில்லை. குறியுரு என்பது இம்மொழியில் பெரும்பாலும் ஒரு பைட்டையே குறிக்கும். மடக்கு என்பது ஒரே கட்டளைத் தொகுதியை நிபந்தனை தீரும் வரை திரும்பத் திரும்ப நிறைவேற்றும் அமைப்பு. சுட்டு என்பது நினைவக முகவரியைத் தாங்கும் மதிப்பு. எஸ், டி, ஆர், சி, எச், ஆர் என்னும் ஆறு எழுத்துகளால் பெயரிடப்பட்டு, இங்கே 'ஸ்டர்ச்சர்' என்று குறிக்கப்படும் நூலகச் செயற்கூறு, சரம் ஒன்றையும் குறியுரு ஒன்றையும் பெற்றுக்கொண்டு, அக்குறியுரு முதன்முதலாக வரும் இடத்தின் சுட்டைத் திருப்பித் தருகிறது. அது இல்லாவிட்டால் எவ்விடத்தையும் சுட்டாத வெற்றுச் சுட்டைத் தருகிறது. பிஎஸ்டி யுனிக்ஸ் மரபில் 'இண்டெக்ஸ்' என்ற பெயரில் இதே வேலையைச் செய்த செயற்கூறு ஒன்று இருந்தது. 1989இல் வெளியான, சி மொழிக்கான அன்சி செந்தரம் ஸ்டர்ச்சரையே ஏற்றது. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் செந்தரத்தின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு இண்டெக்ஸை முற்றிலுமாக நீக்கிவிட்டது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வது முறை. அவர்கள் நான்கு காரணங்களை முன்வைக்கிறார்கள். மடக்கைத் தன் கையால் எழுதும் மாணவர் சுட்டையும் வெற்றுக் குறியுருவையும் நேரில் கற்கிறார். மடக்கு முழுவதும் கண்முன் இருப்பதால் உள்ளே நடப்பது எதுவும் மறைவாக இல்லை. குறுஞ்சரங்களில் செயற்கூற்றை அழைப்பதற்கு ஆகும் செலவு தேடலின் செலவையே விஞ்சக்கூடும். ஸ்டர்ச்சர் திருப்பித் தருவது சுட்டு. நிரலருக்குப் பெரும்பாலும் வேண்டியிருப்பதோ எத்தனையாவது இடம் என்னும் எண். இவற்றில் எதுவும் அறிவற்ற வாதம் அன்று. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நான்கும் சேர்ந்தாலும், கைம்மடக்கே இயல்பான விடை, நூலகம் விதிவிலக்கு என்னும் முடிவைத் தாங்க அவற்றால் முடியவில்லை.

1. தேடல் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இக்கருத்து கேட்டதே இல்லை. ஒரு சரத்தில் ஒரு குறியுருவைத் தேடும் எந்த நிரலும் சில கேள்விகளுக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். முடிவைக் காட்டும் வெற்றுக் குறியுருவும் தேடப்படும் பரப்பில் அடங்குமா? குறியுரு பலமுறை வந்தால் முதல் இடமா, கடைசி இடமா? இல்லை என்பதை எந்த மதிப்பால் அறிவிப்பது? ஒப்பிடப்படும் இரு மதிப்புகளும் எந்தத் தரவு வகையில் நின்று ஒப்பிடப்படுகின்றன? கைம்மடக்கு இக்கேள்விகளுக்கு விடை சொல்லாமல் இருப்பதில்லை. தான் விடை சொல்வதை அறியாமலே சொல்லிவிடுகிறது. வெற்றுக் குறியுருவைக் கண்டதும் நிற்கும் வழக்கமான மடக்கிடம் வெற்றுக் குறியுருவையே தேடச் சொன்னால், அது இல்லை என்று பதில் வரும். ஸ்டர்ச்சரிடம் கேட்டால், செந்தரம் அதைச் சரத்தின் பகுதியாகவே கருதுவதால், சரம் முடியும் இடத்தின் சுட்டு வரும். இரண்டில் எது சரி என்பது இங்கு முதன்மையான வினா அன்று. ஸ்டர்ச்சரின் விடை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதை நம்பி வேறொருவர் நிரல் எழுத முடியும். மடக்கின் விடை அதை எழுதியவரின் அன்றைய மனநிலையில் இருக்கிறது. பத்து நிரலர்கள் எழுதிய பத்து மடக்குகள் ஒரே மென்பொருளுக்குள் இருக்கும்போது பத்து ஒப்பந்தங்கள் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட ஆவணப்படுத்தப்பட்டிருக்காது.

2. ஒப்பீட்டுக் குறியின் இரு பக்கமும் ஒரே வகையில் இருப்பதாகக் கைம்மடக்கு நம்புகிறது. அந்த நம்பிக்கை பல கணினிகளில் பொய்யாகிறது. சி மொழியில் குறியுருவைத் தாங்கும் 'சார்' என்னும் தரவு வகை எதிர்ம எண்களைத் தாங்குமா, தாங்காதா என்பதைச் செந்தரம் தீர்மானிக்காமல், மொழியைக் கணினியில் செயலாக்குவோரிடம் விட்டுவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தில், எக்ஸ்86 குடும்பச் செயலிகளில் அது −128 முதல் 127 வரையும், ஏஆர்எம் செயலிகளில் 0 முதல் 255 வரையும் மதிப்புகளை ஏற்பதே வழக்கம். கோப்பிலிருந்து ஒரு குறியுருவை வாசிக்கும் நூலகச் செயற்கூறுகளோ அதை 0 முதல் 255 வரையிலான முழு எண்ணாகத் தருகின்றன. இப்போது 224 என்னும் பைட்டைத் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். தேடவேண்டிய மதிப்பை முழு எண் வகை மாறியில் ஏற்கும் கைம்மடக்கு எக்ஸ்86 கணினியில் சரத்திலுள்ள அதே பைட்டை −32 என்று வாசித்து, −32உம் 224உம் சமமா என்று கேட்டு, இல்லை என்ற விடையைப் பெற்று, கண்ணெதிரே கிடக்கும் குறியுருவைத் தாண்டிப் போய்விடுகிறது. அதே நிரல் ஏஆர்எம் செயலியில் இயங்கும் லினக்ஸ் கணினியில் சரியாக வேலை செய்கிறது.

இந்தப் பிழையின் நச்சு அது வெளிப்படும் விதத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் ஆகியவற்றின் மதிப்புகள் 128க்குக் கீழேயே அமைவதால், ஆங்கிலச் சொற்களைக் கொண்டு செய்யப்படும் எந்தச் சோதனையிலும் அது தலைகாட்டாது; பிற மொழி உரை உள்ளே வரும் நாளில்தான், அதுவும் சில கணினிகளில் மட்டும், தேடல் தோற்கும். செந்தரம் ஸ்டர்ச்சருக்கு வகுத்த விதி இதை ஒரே தொடரில் தீர்த்துவைக்கிறது: தேடப்படும் மதிப்பு முழு எண்ணாக வந்தாலும், ஒப்பிடுவதற்கு முன் அது 'சார்' வகைக்கு மாற்றப்பட வேண்டும். அந்த மாற்றம் நிகழ்ந்ததும் இரு பக்கமும் −32 ஆகிவிடுகின்றன, அல்லது இரு பக்கமும் 224 ஆகிவிடுகின்றன. மாறியைத் தொடக்கத்திலேயே 'சார்' வகையாக அறிவித்தால் கைம்மடக்கும் தப்பிக்கும் என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் அப்படி அறிவிக்க வேண்டிய காரணத்தை அறிந்தவர் ஏற்கெனவே ஸ்டர்ச்சரின் விதியை வாசித்தவராகவே இருப்பார்.

3. மடக்கின் வெளிப்படைத்தன்மை என்று போற்றப்படுவது பெரும்பாலும் மடக்கின் தலைப்பு வரியிலேயே உடைந்துவிடுகிறது. தொடக்கநிலைப் பாடங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் வடிவம், எண்ணி மாறி ஒன்று சரத்தின் நீளத்தைவிடக் குறைவாக இருக்கும் வரை மடக்கு சுழல வேண்டும் என்று நிபந்தனை வைத்து, அந்த நீளத்தை அளக்கும் 'ஸ்டர்லென்' செயற்கூற்றை அந்த நிபந்தனைக்குள்ளேயே அழைப்பது. நூலகத்தைத் தவிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு நூலகத்தை ஒவ்வொரு சுழற்சியிலும் அழைக்கும் வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். நீளம் எங்கும் எழுதிவைக்கப்படாத மொழியில் நீளத்தை அளப்பதென்றால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை நடந்து தீர்க்க வேண்டும். ஆகவே பத்தாயிரம் குறியுருக்கள் கொண்ட சரத்தில் இல்லாத ஒன்றைத் தேடினால், பத்தாயிரம் படிகளில் முடியவேண்டிய வேலை பத்துக் கோடிப் படிகளை நோக்கிப் போகிறது. சரம் பத்து மடங்கு நீண்டால் செலவு நூறு மடங்காகிறது. கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி திறமையாக இருந்து, மடக்குக்குள் சரம் மாறவில்லை என்று உறுதி செய்ய முடிந்தால், அளக்கும் வேலையை மடக்குக்கு வெளியே நகர்த்திவிடும். ஆனால் கண்டெடுத்த குறியுருவுக்குப் பதிலாக வேறொன்றை எழுதும் மடக்கில், அதாவது சரத்துக்குள் எதையேனும் எழுதும் மடக்கில், அந்த உறுதி பெரும்பாலும் கிட்டாது.

நீளத்தை மீண்டும் மீண்டும் அளப்பதன் விலை என்ன என்பதற்கு 2021இல் வெளிச்சத்துக்கு வந்த ஒரு நிகழ்வு சான்று. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் என்னும் விளையாட்டு திறப்பதற்குப் பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டதன் காரணத்தை வெளியார் ஒருவர் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பத்து மெகாபைட் அளவுள்ள ஒரே உரைச் சரத்தைத் துண்டு துண்டாக வாசிக்கும் நிரல், ஒவ்வொரு துண்டுக்கும் எஞ்சிய சரம் முழுவதன் நீளத்தையும் அளந்துகொண்டிருந்தது புலப்பட்டது. அதையும் அதனோடு இருந்த இன்னொரு வீண்தேடலையும் நீக்கியபோது திறப்பதற்கான நேரம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. எதிர்த்தரப்பினர் இங்கே குறுக்கிடக்கூடும்: அளந்தது கைம்மடக்கு அன்று, உரையை வாசிக்கும் நூலகச் செயற்கூற்றின் உட்புறம், எனவே இது நூலகத்துக்கு எதிரான சான்று. இந்தக் குறுக்கீடு நியாயமானது, மறுக்கப்படவும் வேண்டியதில்லை. சரத்தின் முடிவை அறிய நடந்துதான் தீர வேண்டும் என்னும் இம்மொழியின் அடிப்படை விதியை மறந்தவர் எழுதியது நூலகமானாலும் மடக்கானாலும் தண்டனை ஒன்றே. அந்த விதியை அன்றாடம் மறக்கச் சொல்லித் தருவது தொடக்கநிலைப் பாடத்தின் நிபந்தனை வரி.

கடைசியாக வரும் குறியுருவைத் தேடும்போது நிலைமை இன்னும் மோசம். பின்னிருந்து முன்னாக நடக்க நினைக்கும் நிரலர் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்து அங்கிருந்து தொடங்கி, எண்ணி சுழியத்துக்குக் குறையாதிருக்கும் வரை சுழல விடுகிறார். ஸ்டர்லென் தருவதோ எதிர்மம் ஆகவே முடியாத எண் வகை. சரம் வெறுமையாக இருந்தால் சுழியத்திலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது 64 பிட் கணினியில் கிடைப்பது 18,446,744,073,709,551,615. எண்ணியும் அதே வகையாக இருந்தால், சுழியத்துக்குக் குறையாதிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை ஒருபோதும் பொய்யாவதில்லை. இதற்கென்றே உள்ள 'ஸ்டர்ஆர்ச்சர்' என்னும் உடன்பிறப்புச் செயற்கூறு இந்தக் குழியை அறிந்தே விலகிப் போகிறது.

4. வேகம் கைம்மடக்கின் பக்கம் என்னும் வாதம் 1970களின் கணினியை மனத்தில் வைத்துப் பேசுகிறது. அக்கால மடக்கு பைட் பைட்டாக நடந்தது. நூலகமும் அப்படியே நடந்தது. இரண்டுக்கும் இடையில் அழைப்புச் செலவு மட்டுமே வேறுபாடாக இருந்தது. இன்று லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள குனு சி நூலகம், நிரல் நினைவகத்தில் ஏற்றப்படும்போதே செயலியின் திறனை விசாரித்து, அதற்கு ஏற்ற ஸ்டர்ச்சர் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஏவிஎக்ஸ்2 கட்டளைகளை ஏற்கும் செயலியில் அந்த வடிவம் 32 பைட்டுகளை ஒரே கட்டளையில் எடுத்து, தேடப்படும் குறியுருவோடும் முடிவைக் காட்டும் சுழியத்தோடும் ஒரே வீச்சில் ஒப்பிடுகிறது. இதில் நுட்பமான ஒரு துணிச்சல் உண்டு: சரம் மூன்றாவது பைட்டில் முடிந்தாலும் 32 பைட்டுகளும் வாசிக்கப்படுகின்றன, அதாவது சரத்தின் எல்லைக்கு அப்பாலும் வாசிப்பு போகிறது. நினைவகம் 4096 பைட் போன்ற பக்கங்களாகவே பாதுகாக்கப்படுவதாலும், 32இன் மடங்காக அமைந்த முகவரியில் தொடங்கும் வாசிப்பு பக்க எல்லையைத் தாண்ட முடியாது என்பதாலும் அது தீங்கற்றதாகிறது.

இந்த உத்தியைக் கைம்மடக்கு கடன்வாங்க முடியாது. சி மொழியின் விதிப்படி ஓர் அணியின் எல்லைக்கு அப்பால் வாசிப்பது வரையறையற்ற நடத்தை, அதாவது விளைவு எதுவாகவும் இருக்கலாம் என்று செந்தரம் கைவிரித்துவிட்ட செயல். நூலகம் அதைச் செய்ய முடிவது, அது மொழிக்குக் கீழே, குறிப்பிட்ட செயலியின் கட்டளைகளில் எழுதப்பட்டிருப்பதால். நிரல்பெயர்ப்பி தானாகவே மடக்கை இப்படி விரைவாக்கித் தரும் என்னும் எதிர்பார்ப்பும் நெடுங்காலம் கனவாகவே இருந்தது. நடுவில் முறித்துக்கொண்டு வெளியேறும் மடக்குகளை இவ்வாறு மாற்றும் திறன் ஜிசிசி நிரல்பெயர்ப்பிக்கு 2024இல் வெளியான 14ஆம் பதிப்பில்தான் வந்தது. எல்லை முன்கூட்டித் தெரியாத சரத்தில் அதற்கும் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஐந்தாறு பைட் நீளமுள்ள சரங்களில் மடக்கு பின்தங்காது, சில வேளை முந்தவும் கூடும் என்பது ஒப்புக்கொள்ளப்பட வேண்டியது. ஆனால் ஐந்தாறு பைட் சரத்தில் யார் முந்தினால் யாருக்கு என்ன?

5. எண் வேண்டும், சுட்டு வேண்டாம் என்று சொல்பவர் தேடலுக்குப் பின் என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்வதில்லை. பெரும்பாலான நிரல்களில் குறியுருவைக் கண்டபின் நிகழ்வது அதற்கு அடுத்த இடத்திலிருந்து மேலும் வாசிப்பது: சமக்குறிக்குப் பின் உள்ள மதிப்பை எடுப்பது, காற்புள்ளிக்குப் பின் உள்ள புலத்துக்குப் போவது, அதே குறியுரு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது. இவை அனைத்துக்கும் சுட்டு நேராகவே போதும். எண்தான் வேண்டும் என்றால், கிடைத்த சுட்டிலிருந்து சரத்தின் தொடக்கச் சுட்டைக் கழித்தால் அது கிடைத்துவிடுகிறது; கழிப்பதற்கு முன் கிடைத்தது வெற்றுச் சுட்டா என்று பார்க்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மறுதலையாக, எண்ணைத் தரும் கைம்மடக்குகள் இல்லை என்பதைச் சொல்ல −1ஐத் தேர்ந்தெடுக்கின்றன. சில சுழியத்தையே தேர்ந்தெடுத்து, முதல் இடத்தில் இருப்பதும் எங்குமே இல்லாததும் ஒன்றுதான் என்று அறிவித்துவிடுகின்றன. −1ஐச் சரிபார்க்க மறந்து அதை அணியின் இடமாகக் கொண்டு எழுதினால், சரத்துக்கு ஒரு பைட் முன்னால் இருக்கும் யாருடையதோ நினைவகம் சத்தமின்றிக் கெடுகிறது. வெற்றுச் சுட்டைச் சரிபார்க்க மறந்து அதன் வழியே வாசித்தால், இன்றைய இயங்குதளங்களில் நிரல் அந்த இடத்திலேயே வீழ்கிறது. மறதி இரு தரப்புக்கும் பொது. வீழும் நிரலில் பிழையைத் தேடுவது எளிது.

6. கற்றலுக்காக மடக்கு எழுதுவதை எவரும் மறுக்கவில்லை. கற்றலின் முடிவு எது என்பதில்தான் பிணக்கு. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதி 1978இல் வெளிவந்து, 1988இல் அன்சி செந்தரத்தை ஒட்டித் திருத்தப்பட்ட சி மொழி நூலே இத்தகைய தேடல் செயற்கூறுகளை மாணவர் தாமே எழுதும்படி பயிற்சிகள் தருகிறது என்பதை எதிர்த்தரப்பினர் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் ஒரு சரத்திலுள்ள குறியுருக்களில் ஏதேனும் ஒன்று இன்னொரு சரத்தில் முதலில் வரும் இடத்தைக் கண்டறியச் சொல்லும் பயிற்சியில், அதே வேலையைச் செய்யும் செயற்கூறு செந்தர நூலகத்தில் உண்டு என்றும், அது எண்ணுக்குப் பதிலாகச் சுட்டைத் தரும் என்றும் அந்நூல் அங்கேயே குறிப்பிடுகிறது. எழுதிப் பார்ப்பதும், எழுதியதை நூலகத்தின் ஒப்பந்தத்தோடு வைத்து ஒப்பிடுவதும் அங்கே ஒரே பயிற்சியின் இரு பாதிகள். ஆய்வகக் கட்டளை இரண்டாம் பாதியை வெட்டி எறிந்துவிட்டது. நூலகத்தைத் தடைசெய்து எழுதச் சொல்லும் வினாவுக்கு விடை எழுதும் மாணவர், தம் மடக்கு வெற்றுக் குறியுருவை எப்படிக் கையாள்கிறது என்றோ, 128க்கு மேற்பட்ட பைட்டுக்கு என்ன சொல்கிறது என்றோ கேட்கப்படுவதே இல்லை. ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லில் ஏதோ ஓர் எழுத்து இருந்தது என்று திரையில் வந்ததும் மதிப்பெண் விழுந்துவிடுகிறது.

செந்தர நூலகமே இல்லாத சூழல்களைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். லினக்ஸ் கருநிரல் அப்படிப்பட்ட சூழல்தான். அது பயனர் நிரல்களுக்கான சி நூலகத்தைச் சார்ந்திருக்க முடியாது. அங்கே என்ன நடந்தது? ஸ்டர்ச்சர் என்னும் அதே பெயரில், அதே ஒப்பந்தத்தோடு, பொது வடிவம் ஒன்று ஒரே கோப்பில் எழுதப்பட்டு, மற்ற அனைவரும் அந்தப் பெயரையே அழைக்கிறார்கள். அந்தப் பொது வடிவத்துக்குள் இருப்பது எளிய மடக்குதான். ஆனால் அந்த மடக்கு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டது.

7. ஸ்டர்ச்சருக்கே குறைகள் இருப்பதால் கைம்மடக்கே பாதுகாப்பு என்று அந்த நான்குக்கும் மேலாகச் சேர்க்கப்படும் வாதம், நோயைச் சரியாகக் கண்டு மருந்தைத் தவறாகத் தருகிறது. குறைகள் உண்மையானவை. மாற்றக்கூடாதது என்று அறிவிக்கப்பட்ட சரத்தைப் பெற்றுக்கொண்டு, மாற்றலாம் என்னும் வகையிலான சுட்டைத் திருப்பித் தருவதால், அது வகைப் பாதுகாப்பில் ஓட்டை போடுகிறது. சி++ மொழி இதை இரு வடிவங்களால் தன் முதல் செந்தரத்திலேயே அடைத்துவிட்டது, சி மொழி அதற்கு சி23 செந்தரம் வரை காத்திருந்தது. ஒரு குறியுரு உயிரெழுத்தா என்று அறிய, ஐந்து ஆங்கில உயிரெழுத்துகள் கொண்ட சரத்தில் அதைத் தேடும் பரவலான உத்தி, வெற்றுக் குறியுருவையும் உயிரெழுத்தென்று ஏற்றுக்கொண்டுவிடுகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நீளத்தை அது பெற்றுக்கொள்வதே இல்லை என்பது. முடிவைக் காட்டும் சுழியம் இல்லாத நினைவகத்தைக் கொடுத்தால் அது எல்லை தெரியாமல் நடந்துகொண்டே போகும்.

ஆனால் இவற்றில் எந்தக் குறையைக் கைம்மடக்கு தீர்க்கிறது? சுழியத்தில் நிற்கும் மடக்கும் சுழியம் இல்லாவிட்டால் அதே வழியில்தான் போகும். சரத்தின் நடுவிலேயே சுழியம் வந்தால் அதே இடத்தில்தான் ஏமாறும். 2009இல் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான மாக்சி மார்லின்ஸ்பைக்கும் டான் காமின்ஸ்கியும் தனித்தனியே அம்பலப்படுத்திய தாக்குதல் இந்த ஏமாற்றத்தின் மேல்தான் நின்றது: இணையப் பாதுகாப்புச் சான்றிதழில் நம்பகமான ஒரு தளத்தின் பெயரும், அதையடுத்து ஒரு வெற்றுக் குறியுருவும், அதையடுத்துத் தாக்குபவரின் சொந்தத் தளப்பெயரும் எழுதப்பட்டிருந்தன, சான்றிதழ் வழங்குபவர் கடைசிப் பகுதியைப் பார்த்து அனுமதி தந்தார், உலாவியோ அதைச் சி மொழிச் சரமாக வாசித்துச் சுழியத்தோடு நிறுத்திக்கொண்டு, முதல் பகுதியை நம்பிவிட்டது. இதைப் பிடிக்கும் வழியும் ஒரு குறியுருவைத் தேடுவதே: 'மெம்ச்சர்' என்னும் நூலகச் செயற்கூறு நீளத்தையும் பெற்றுக்கொண்டு, அந்த நீளம் முழுவதும், சுழியத்தில் நிற்காமல் தேடுகிறது, அறிவிக்கப்பட்ட நீளத்துக்குள் சுழியம் ஒன்றை அது கண்டுவிட்டால் அந்தப் பெயர் தள்ளுபடி செய்யப்பட வேண்டியது. ஸ்டர்ச்சரின் குறைக்கு விடை நூலகத்தின் அடுத்த பெயரிலேயே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க, கையிலிருப்பது சரமா, நீளம் அறிந்த பைட்டுத் தொகுதியா என்னும் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். கைம்மடக்குப் பாடம் அந்தக் கேள்வியைக் கற்பிப்பதில்லை.

8. குறியுரு என்றால் எழுத்து என்னும் எண்ணத்தைக் கைம்மடக்கு கேள்வியின்றி விழுங்கியிருக்கிறது. தமிழ் உரையைத் தொட்டதும் அது கழன்றுவிடுகிறது. இன்று பெரும்பாலான உரைகள் சேமிக்கப்படும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'க' என்பது ஒரு பைட் அன்று. 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகள். ஆங்கில எழுத்தைப் போலவே 'க'வையும் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதித் தேடச் சொன்னால், கிளாங் நிரல்பெயர்ப்பி அதைப் பிழையென்று நிறுத்திவிடுகிறது. ஜிசிசி எச்சரித்துவிட்டு மூன்று பைட்டுகளையும் ஒரு முழு எண்ணாக அடுக்கித் தருகிறது. அந்த முழு எண்ணைச் சரத்தின் ஒவ்வொரு பைட்டோடும் நேராக ஒப்பிடும் கைம்மடக்கு எதையும் காணாது. ஸ்டர்ச்சரோ தன் விதிப்படி அதைச் 'சார்' வகைக்குச் சுருக்கும்போது கடைசி பைட்டான 149 மட்டும் எஞ்ச, அதைத் தேடிப் பிடித்து, 'க'வின் நடுவே, அதன் மூன்றாம் பைட்டுக்கு ஒரு சுட்டைத் தருகிறது. இந்திய எழுத்துமுறைகளை யூனிகோடு ஒத்த வரிசையில் அடுக்கியிருப்பதால், தேவநாகரியின் ககரமும் 224, 164, 149 என்று அதே பைட்டில் முடிகிறது. ஆகவே இந்தி உரையிலும் தமிழ்க் ககரம் இருப்பதாக விடை வரும். ஒன்று காணாமல் போகிறது, மற்றொன்று தவறாகக் காண்கிறது. இரண்டில் எதுவும் தமிழுக்கு உதவாது.

உதவுவது, ஒரு சரத்துக்குள் இன்னொரு சரத்தைத் தேடும் 'ஸ்டர்ஸ்டர்' செயற்கூறு. ஓர் எழுத்தின் பைட்டுத் தொடர் வேறோர் எழுத்தின் நடுவே பொய்யாகப் பொருந்த முடியாதபடி யுடிஎஃப்-8 வடிவமைக்கப்பட்டிருப்பதால், 'க'வை மூன்று பைட் சரமாகத் தேடினால் தேவநாகரியோடு குழப்பம் வராது. ஆயினும் 'கி'யிலும் 'க்'கிலும் முதல் மூன்று பைட்டுகள் 'க'வுடையவையே என்பதால் அங்கும் அது கிடைத்ததாகவே சொல்லும்; தனித்து நிற்கும் அகரமேறிய ககரம்தான் வேண்டும் என்றால், அடுத்து வரும் பைட்டுகள் உயிர்மெய்க் குறியா, புள்ளியா என்று நிரல் மேலும் பார்த்தாக வேண்டும். 'கொ'வைத் தேடும்போது இன்னொரு தடை எழுகிறது: அதன் உயிர்க்குறியை ஒரே குறியீட்டு எண்ணாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்னும் இரண்டாகப் பிரித்தும் எழுதலாம்; திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தாலும் பைட்டுகள் வேறு வேறாக இருப்பதால், இரு உரைகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தை முன்னதாகச் செய்யாவிட்டால் ஸ்டர்ஸ்டரும் கையை விரித்துவிடும்.